புதுப்பிப்பு: டெபியன் 12 லினக்ஸில் என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு வேலை செய்கிறது

உதவிய எல்லோருக்கும் நன்றி. என் சிக்கல் இதுதான்: டிரைவரை நிறுவிய பிறகும் திரை குறைந்த ரெசல்யூஷனிலேயே நின்றது, வீடியோ ஓடினாலே சிபியு சூடேறியது.

கைகொடுத்தது, ‘செக்யூர் பூட் நிலையைப் பாருங்கள்’ என்ற யோசனை. நம்பகமான கையொப்பம் உள்ள மென்பொருளை மட்டுமே கணினி தொடங்கும்போது ஏற்க விடும் பாதுகாப்பு அது. மோட்ப்ரோப் கட்டளையால் டிரைவரை ஏற்றிப் பார்த்தபோது ‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’ (சாவி நிராகரிக்கப்பட்டது) என்றது. கார்டிலும் குறையில்லை, டிரைவரிலும் குறையில்லை. டிகேஎம்எஸ் என்ற கருவி நம் கணினியிலேயே டிரைவர் மாட்யூலைக் கட்டி, தானே உருவாக்கிய சாவியால் கையொப்பமிடுகிறது. அந்தச் சாவியை நாம் பதிவு செய்யாதவரை கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அந்த மாட்யூலை ஏற்காது. லினக்ஸுடன் வரும் திறந்த மூல நூவோ டிரைவரும் ஏற்கெனவே தடுக்கப்பட்டிருப்பதால், கடைசியில் சிபியுவே படம் வரைகிறது.

தீர்வு: வார்/லிப்/டிகேஎம்எஸ் அடைவில் உள்ள மோக்.பப் கோப்பை (அந்தச் சாவியின் பொதுப் பகுதி), சாவிகளைப் பதிவு செய்ய உதவும் மோக்யூட்டில் கருவியின் இம்போர்ட் கட்டளைக்குக் கொடுத்து, ஒரு தற்காலிகக் கடவுச்சொல் வைத்தேன். ரீபூட் செய்ததும் வரும் நீலத் திரையில் ‘என்ரோல் மோக்’ (சாவியைப் பதிவு செய்) தேர்ந்தெடுத்து, அதே கடவுச்சொல்லைத் தந்தேன். அவ்வளவுதான், டிரைவர் ஏறிவிட்டது.

எதிர்பாராத விஷயம்: அந்த நீலத் திரை 10 விநாடிதான் காத்திருக்கும். அதற்குள் ஏதாவது விசையை அழுத்த வேண்டும். தவறினால் இம்போர்ட்டிலிருந்து மறுபடி தொடங்குங்கள். ப்ளூடூத் கீபோர்டை நம்ப வேண்டாம், கம்பி கீபோர்டே நல்லது.

செக்யூர் பூட்டை அணைப்பதும் பலிக்கும். ஆனால் இதே கணினியில் பிட்லாக்கர் (வட்டைக் குறியாக்கம் செய்யும் வசதி) போட்ட விண்டோஸும் இருக்கிறது. அணைத்தால் அது மீட்புச் சாவி கேட்கக்கூடும் என்பதால் தொடவில்லை.

அப்புறம் ஒரு கெர்னல் அப்டேட்டும் வந்தது. டிகேஎம்எஸ் அதே சாவியால் கையொப்பமிட்டதால் மீண்டும் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.