சாரலில் பிசுபிசுக்கும் தேக்குத் தளம்: பூசிய எண்ணெய் ஏன் காயவில்லை?

ஆழ்வார்குறிச்சி வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு ஆழ்வார்குறிச்சிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது. தாத்தா காலத்து வீட்டைப் பிரித்தபோது கிடைத்த தேக்கு மச்சுப் பலகைகளை விறகுக்குப் போட மனமில்லாமல், கொல்லைப்புறத்தில் 18 அடிக்கு 10 அடி அளவில் ஒரு மரத்தளம் போட்டோம். பலகைகள் ஒவ்வொன்றும் ஓர் அங்குலக் கனம் உள்ளவை. மாசியில் வேலை முடிந்தது. வெயிலிலும் மழையிலும் கிடக்கப் போகும் மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய்தான் நல்லது என்று கேள்விப்பட்டு, சித்திரையில் 6 லிட்டர் வாங்கி, வெயில் ஏறிய பின் பூசினால் சூட்டில் நன்றாக உள்ளே இறங்கும் என்ற எண்ணத்தில் உச்சிவேளையில் இரண்டு கை கனமாகப் பூசினேன்.

மறுநாள் காலையில் தளம் கண்ணாடி போல மின்னியது. ஆனால் அது காயவே இல்லை. கொல்லை வேம்பு உதிர்த்த பூவெல்லாம் அதன்மேல் ஒட்டிக்கொண்டது. பூவை இழுக்க வந்த எறும்புகளும் ஒட்டிக்கொண்டன. செருப்பில்லாமல் நடந்தால் உள்ளங்கால் பலகையை விட்டுப் பிரியும்போது சத்தம் கேட்கிறது. ஆனியில் சாரல் தொடங்கியதும் மிளகைத் தூவியது போலக் கரும்புள்ளிகள் வந்துவிட்டன. ஆணி அடித்த இடங்களைச் சுற்றி மை கொட்டியது போல நீலக் கறுப்பு வளையங்களும் தெரிகின்றன. இதன்மேல் வார்னிஷ் அடித்து மூடிவிடலாமா, அல்லது எல்லாவற்றையும் சுரண்டி எடுக்க வேண்டுமா என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தென்காசி தச்சர்

தம்பி, வார்னிஷ் டப்பாவைத் திறக்க வேண்டாம். காயாத எண்ணெயின்மேல் வார்னிஷ் பிடிக்காது. பிடித்தது போலத் தெரிந்தாலும் அடுத்த வெயிலில் செதில் செதிலாக உரியும். எண்ணெயைப் பெயின்ட் கடையில் வாங்கினீர்களா, செக்கில் வாங்கினீர்களா? பூசிய பிறகு மிச்ச எண்ணெயைத் துணியால் துடைத்து எடுத்தீர்களா? பலகைக்கும் பலகைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது? தளத்துக்கு அடியில் மண்ணா, சிமெண்டா? இவற்றைச் சொன்னால்தான் மேற்கொண்டு பேச முடியும்.

வள்ளியூர் அக்கா

எங்கள் வீட்டுக் கதவுக்கும் ஊஞ்சல் பலகைக்கும் அம்மா தேங்காய் எண்ணெய்தான் துடைப்பார்கள். ஒரு நாளும் பிசுபிசுத்ததில்லை. இந்தத் தளத்துக்கும் அதையே பூசினால் என்ன?

பாளையங்கோட்டை வேதியியல் ஆசிரியர்

அக்கா, ஊஞ்சல் பலகை வீட்டுக்குள் இருப்பது. அதில் ஒரு துளி எண்ணெய் தொட்டுத் துடைத்தால் பளபளப்பு வரும். அங்கே வேண்டியது அவ்வளவுதான். மழையில் நனையும் தளத்துக்குப் பூசும் எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகிக் கெட்டியாக வேண்டும். எந்த எண்ணெய் அப்படி இறுகும் என்பதை அதன் ‘அயோடின் எண்’, அதாவது 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை ஏற்றுக்கொள்ளும் என்ற அளவை வைத்து ஓரளவு சொல்லிவிடலாம். ஆளிவிதை எண்ணெய்க்கு அது 170க்கு மேல் இருக்கும். நல்லெண்ணெய்க்கு 110ஐ ஒட்டி இருக்கும். தேங்காய் எண்ணெய்க்கு 10ஐத் தாண்டுவதே அபூர்வம். ஆகவே தேங்காய் எண்ணெய் எத்தனை நாளானாலும் எண்ணெயாகவே இருக்கும், நல்லெண்ணெய் பாதி இறுகிப் பிசினாக நிற்கும், ஆளிவிதை எண்ணெய் இறுகும். ஆனால் அதற்கும் மெல்லிய படலமும் காற்றும் வேண்டும். கனமாகப் பூசினால் மேற்பரப்பு மட்டும் ஆடை கட்டிக்கொள்ளும். அந்த ஆடையே அடியில் இருப்பதற்குக் காற்றுப் போகாமல் மறித்துவிடும். உச்சி வெயிலில் பூசியதால் இவருக்கு அந்த ஆடை இன்னும் சீக்கிரமாகக் கட்டியிருக்கும்.

ஆழ்வார்குறிச்சி வாசி

அண்ணாச்சி, எண்ணெய் செக்கில் ஆட்டியதுதான். கலப்படம் இல்லாதது என்று நம்பி வாங்கினேன். துடைத்து எடுக்கவில்லை, மரம் குடிக்கட்டும் என்று ராத்திரி முழுவதும் விட்டுவிட்டேன். பழைய மச்சில் இருந்தது போலவே பலகைகளை இடைவெளி இல்லாமல் நெருக்கி அடித்திருக்கிறோம். அடியில் சிமெண்டுத் தரை. அதன்மேல் குறுக்குச் சட்டங்களைப் படுக்கவைத்திருக்கிறோம். பலகைகளின் ஓரம் இப்போது லேசாகத் தூக்கி, நடுவில் தண்ணீர் நிற்கிறது. பூச்சு வேலை முடிந்து துணிகளை ஒரு வாளிக்குள் திணித்து வைத்திருந்தேன். மறுநாள் காலையில் எடுத்தபோது உள்ளே இருந்தவை இஸ்திரி போட்டது போலச் சுட்டன. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

தென்காசி தச்சர்

துணியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தளம் போனால் வேறு தளம் போட்டுக்கொள்ளலாம். ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது சூடு பிறக்கும். விரித்துக் கிடக்கும் துணியில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். சுருட்டித் திணித்த துணியில் போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், தீக்குச்சி இல்லாமலே தீப்பற்றும். உங்கள் வாளி எரியாமல் போனது உங்கள் நல்ல நேரம். இனிமேல் அந்தத் துணிகளை வெளியே கொடியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய மூடியுள்ள தகரடப்பாவில் அமுக்கி வையுங்கள்.

இனி தளம். செக்கெண்ணெய் சாப்பாட்டுக்கு நல்லது, ஆனால் மரத்தில் காய வாரக்கணக்கில் ஆகும். பெயின்ட் கடையில் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் என்று தருவதில் சீக்கிரம் இறுகுவதற்கான உலோக உப்புகள் சேர்ந்திருக்கும்; அது ஓரிரு நாளில் காய்ந்துவிடும். எதை வாங்கினாலும் உங்கள் அளவுத் தளத்தில் ஒரு கைக்கு 2 லிட்டர்கூடச் செல்லாது. வைரம் பாய்ந்த தேக்கில் ஏற்கெனவே அதன் சொந்த எண்ணெய் இருக்கிறது; அது புதிதாகக் குடிப்பது கொஞ்சம்தான். ஆகவே மெல்லியதாகப் பூசி, கால் மணி நேரம் கழித்து, தொட்டால் விரலில் ஒட்டாத அளவுக்கு மிச்சம் முழுவதையும் துடைத்து எடுக்க வேண்டும். கரும்புள்ளிகள் பூஞ்சைதான். இறுகாத ஆளிவிதை எண்ணெய் அதற்குச் சாப்பாடு. சாரல் அதற்குத் தண்ணீர். ஆணியைச் சுற்றியுள்ள கறுப்பு வேறு விஷயம்: மரத்திலுள்ள துவர்ப்பும் ஈர இரும்பும் சேர்ந்து உண்டாக்கிய மை அது. அடுத்த முறை துருப்பிடிக்காத எவர்சில்வர் ஸ்க்ரூ போடுங்கள்; பித்தளையானாலும் சரி.

ஆனால் எனக்குக் கவலை எண்ணெயைப் பற்றி அல்ல. மச்சில் கிடந்த பலகைக்கு மேலும் கீழும் காய்ந்த காற்று இருந்தது. அதனால் நெருக்கி அடித்தார்கள், நின்றது. அதே மாதிரி வெளியில் அடித்தால், அடிப்பக்கம் சிமெண்டில் தேங்கும் ஈரத்தைக் குடித்து விரிகிறது, மேல்பக்கம் வெயிலில் சுருங்குகிறது, ஓரம் தூக்குகிறது. அடியில் தண்ணீர் நிற்கும்வரை மேலே எந்த எண்ணெய் பூசினாலும் இதே கதைதான். ஓரத்துப் பலகை ஒன்றைக் கழற்றி, அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

பிசுக்கை எடுப்பதற்குச் சாரல் வெறித்த நாளில் டர்பன்டைனில் நனைத்த துணியால் தேய்த்து, தேங்காய் நாரால் மரத்தின் ரேகையோடு உரசி எடுங்கள். பிரஷர் பம்ப் வைத்து அடிக்க வேண்டாம். மரத்தின் நார் கிளம்பிவிடும். கறுப்பை வெளுக்க ஒரு லிட்டர் வெந்நீரில் 40 கிராம் ஆக்சாலிக் அமிலம் கரைத்துப் பூசி, அரை மணி நேரம் விட்டு, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். அது விஷம் என்பதால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளும் கோழிகளும் கிட்டே வரக்கூடாது. உப்புத்தாள் போடுவதும் மறுபடி எண்ணெய் பூசுவதும் இப்போது வேண்டாம். இந்தச் சாரலும் முடிந்து, ஐப்பசி கார்த்திகை மழையும் போய், பலகை உள்ளே காய்ந்த பிறகு, தை கடைசியிலோ மாசியிலோ செய்யுங்கள். காலைப் பனி உலர்ந்த பிறகு, நிழல் இருக்கும் பக்கமாகத் தொடங்குங்கள்.

உவரிக்காரர்

எங்கள் பக்கத்தில் மரப்படகுகளுக்கு முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் பூசிப் பார்த்திருக்கிறேன். பூச்சியும் பூஞ்சையும் அண்டாது. ஆனால் மரம் கறுத்துவிடும். ஈரமாக இருக்கும்போது தோலில் பட்டால் வெந்து புண்ணாகும். வெறுங்காலோடு உட்கார்ந்து எழும் தளத்தின் மேற்பக்கத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். கண்ணுக்குத் தெரியாத அடிச்சட்டங்களுக்கு வேண்டுமானால் பூசலாம்.

ஆழ்வார்குறிச்சி வாசி

இன்று காலையில் வடக்கு ஓரத்துப் பலகையைக் கழற்றினேன் அண்ணாச்சி. அடியில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் நிற்கிறது. அதில் வேப்பிலைகள் மக்கிக் கிடக்கின்றன. பலகையின் மேல்பக்கம் பிசுபிசுப்பாக இருக்க, அடிப்பக்கத்தை மோந்து பார்த்தால் பழைய கிணற்று வாசம் அடித்தது. வைரமான பகுதிக்கு ஒன்றும் ஆகவில்லை. வெள்ளையாக இருந்த ஓரத்தில் நகம் இறங்குகிறது. குறுக்குச் சட்டங்கள் தண்ணீர் ஓட வேண்டிய திசைக்கு எதிராக அணைபோலக் கிடப்பதையும் இப்போதுதான் கவனித்தேன்.

தென்காசி தச்சர்

நினைத்தது சரிதான். எல்லாவற்றையும் கழற்றுங்கள். சட்டங்களை வாட்டத்தின் போக்கிலேயே திருப்பிப் போட்டு, அவற்றுக்கு அடியில் மூன்றடிக்கு ஒரு கருங்கல் துண்டு வைத்துத் தூக்கிவிடுங்கள். பலகைகளுக்கு நடுவே 5 மில்லிமீட்டர் விடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தச் சந்தில் சேரும் இலையைக் கம்பியால் கிண்டி எடுக்கவும் வேண்டும். வெள்ளையான ஓரத்தை அறுத்துத் தள்ளுங்கள். திருப்பி அடிக்கும் முன்பு அடிப்பக்கத்துக்கும், முக்கியமாக அறுத்த முனைகளுக்கும் எண்ணெய் தொடுங்கள். பலகை முகத்தைவிட முனை வழியாகத்தான் தண்ணீர் வேகமாக ஏறும். அதன்பிறகு மறுபூச்சு எப்போது என்று காலண்டரைப் பார்க்க வேண்டியதில்லை. கையால் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். முத்தாக நின்றால் விட்டுவிடலாம், உறிஞ்சிக் கறுத்தால் பூசலாம்.

ஆழ்வார்குறிச்சி வாசி

பலகைகளை எண் போட்டுக் கழற்றி, நடுநடுவே குச்சி வைத்து, முன்கட்டுக் கூடத்தில் அடுக்கிவிட்டேன். தை பிறக்கும்வரை அவை அங்கேதான் இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் பக்கவாட்டில் திரும்பித்தான் உள்ளே வரவேண்டியிருக்கிறது. மீதம் இருந்த ஒன்றரை லிட்டர் எண்ணெயை அம்மா அடுக்களைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.