உழவர் சந்தையில் பார்த்த மறக்க முடியாத ஆட்கள்: உங்களுக்கும் இருந்தால் எழுதுங்கள்

தாமிரபரணி:
பொங்கலுக்கு முந்தின வாரம், பாளை மகாராஜநகர் சந்தை, கூட்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஆச்சி முன்னால் மண் காயாத பிடிகருணை குவிந்து கிடந்தது. ஒரு கிலோ கேட்டேன். ஆச்சி தராசைத் தொடவே இல்லை.

"எப்பம் வைக்கப் போற?"

"இன்னைக்கு மத்தியானம், புளிக்குழம்பு."

"அப்பம் ஒனக்கு இல்ல. நேத்துத் தோண்டுனது. நாக்கு அரிச்சா என்னையத்தான ஏசுவ? பத்து நாள் போட்டு வைப்பேன்னு சொல்லு, போடுதேன்."

சொல்லிக்கொண்டே குவியல் மேல் சாக்கை இழுத்து மூடிவிட்டார். சரி என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் கிழங்கு கிடைத்திருக்கும், வாய் வரவில்லை. பக்கத்தில் சிறுகிழங்கு மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் சுமந்து வந்த சரக்கை விற்க மாட்டேன் என்கிற ஒரு மனுஷியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கொங்குக் காற்று:
எனக்கு ஆர்.எஸ்.புரம் சந்தையில், மார்கழியில். பச்சை மொச்சையை உரித்துக் காட்டினார் ஒரு பெரியவர், உள்ளே கொழுத்த புழு. நான் முகம் சுளிக்க, அவரோ நகை காட்டுகிற மாதிரி அதை உள்ளங்கையில் வைத்து, "பாருங்க கண்ணு, மருந்தடிச்சிருந்தா இது உசுரோட இருக்குமா?" என்றார். வாங்கிவிட்டேன். பிதுக்கி வைத்த குழம்பு அருமை, ஆனால் உரிக்கும்போது வீட்டில் ஒருத்தரும் பக்கத்தில் வரவில்லை.

வைகைக்கரை:
மன்னிக்கணும், புழு இருந்தால் மருந்தடிக்கவில்லை என்று அர்த்தமில்லை. காய்க்குள் புகுந்த பிறகு அடித்தால் மருந்து அதன் மேல் படாது, மேல்தோலில்தான் இருக்கும். பெரியவர் நல்லவராகவே இருக்கட்டும், நீங்கள் கழுவித்தான் உரிக்க வேண்டும்.

நான் போவது 1999-ல் முதலில் திறந்த மதுரை அண்ணா நகர் சந்தை. வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்த்த ஒரு அம்மாவிடம் கடைக்காரர் ஒன்றும் பேசவில்லை, ஒடித்ததையெல்லாம் பொறுக்கி முதலில் தட்டில் போட்டு நிறுத்தார், அவ்வளவுதான்.

அப்புறம் பிடிகருணை. ஆச்சி சொன்னது சரிதான், ஆனால் புதுக்கிழங்கையும் சமைக்கலாம். அரிப்புக்குக் காரணம் ஊசி ஊசியான கால்சியம் ஆக்சலேட். கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். அரிசி கழுவிய தண்ணீரில் தோலோடு குழைய வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு உரியுங்கள். புளியைக் கெட்டியாகக் கரைத்து, பூண்டு தாராளமாகப் போட்டு, எண்ணெய் பிரியும்வரை கொதிக்க விடுங்கள். அரைவேக்காட்டில் இறக்கினால் எந்தப் புளியும் காப்பாற்றாது. மசியலென்றால் எலுமிச்சை, அதுவும் இறக்கிய பிறகுதான்

தாமிரபரணி:
குழம்பு வைக்க எனக்குத் தெரியும் அண்ணே, நான் சொல்ல வந்தது ஆச்சியைப் பற்றி.

பொதிகை:
அக்கா, அந்த ஆச்சி வாசல் பக்கமா, உள்ளே கீரைக்காரர்கள் வரிசையா? சனிக்கிழமை போகிறேன். பத்து நாள் வைப்பேன் என்று சத்தியம் பண்ணியாவது வாங்கிவிடுவேன்.