முதல் தலைமுறை சுசுகி ஹயபூசா பைக்குக்கு 16/40-ஆ, 17/42-ஆ?

நண்பர்களே, செயின் தேய்ந்துவிட்டது. செயினோடு ரெண்டு ஸ்ப்ராக்கெட்டையும் (செயின் ஓடும் பல்சக்கரம்) சேர்த்தே மாற்றப் போகிறேன். கம்பெனி கொடுத்தது முன்னால் 17 பல், பின்னால் 40. அதே அளவையே போடலாம்தான். ஆனால் நெரிசலில் ரெண்டாவது கியரில் மெதுவாகப் போகும்போது வண்டி இழுத்து இழுத்து விடுகிறது. கிளட்சைப் பிடித்துக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கிறது. இந்த வண்டியின் உச்ச வேகம் எனக்குத் தேவையே இல்லை, கீழ் வேகத்தில் இழுவைதான் வேண்டும்.

பின்னால் உள்ள பல்லை முன்னால் உள்ள பல்லால் வகுத்துக் கணக்குப் போட்டால் 17/40 என்பது 2.35, 16/40 என்பது 2.50, 17/42 என்பது 2.47. முன்னால் ஒரு பல் குறைப்பது பின்னால் இரண்டரைப் பல் கூட்டுவதற்குச் சமம். செலவும் குறைவு. ஆனால் சின்ன ஸ்ப்ராக்கெட்டில் செயின் அதிகமாக மடங்குவதால் சீக்கிரம் தேயும், ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) மேல் இருக்கும் ரப்பரிலும் உரசும் என்கிறார்கள். அதனால் என் மனசு 17/42 பக்கம்தான் சாய்கிறது.

போட்டு ஓட்டியவர்கள் சொல்லுங்கள்: புதுச் செயினும் பழைய செயினின் நீளத்திலேயே இருந்தால் 42-க்குப் போதுமா? கணக்குப்படி பின்சக்கர ஆக்சில் சுமார் 8 மி.மீ. முன்னால் வரும், செயின் அட்ஜஸ்டரில் அவ்வளவு இடம் இருக்கிறதா? ஸ்பீடோமீட்டர் வேகத்தைக் கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து எடுப்பதால் 5 சதவீதம் கூட்டிக் காட்டும், அதைச் சரிசெய்ய ஏதாவது கருவி போட்டீர்களா? தினமும் ஓட்டும் வண்டி என்பதால் பின்னால் ஸ்டீல்தான் போடுவேன், அலுமினியம் வேண்டாம். நெடுஞ்சாலையில் ஆறாவது கியரில் எஞ்சின் சத்தமும் அதிர்வும் தொந்தரவாக இருக்குமா என்பதுதான் முக்கியமாகத் தெரிய வேண்டும்.