செக் எஞ்சின் விளக்கு: சென்சாரா, ஒயரிங்கா?

வணக்கம் நண்பர்களே. 2014 மாடல் பெட்ரோல் கார், 92,000 கி.மீ. ஓடியிருக்கிறது. போன மாதம் ஏற்காடு ஏறும்போது செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. வண்டி இழுவையில் குறை இல்லை. ஆனால் லிட்டருக்கு 16 கொடுத்தது இப்போது 13தான்.

பக்கத்து மெக்கானிக் போனட்டைக்கூடத் திறக்காமல், "கேட்டலிட்டிக் கன்வர்ட்டரே போயிடுச்சு சார்" என்றார் (புகையில் உள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் பாகம் அது). எனக்கு மனசு ஒப்பவில்லை. வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவாகும் பிழைகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் ஒன்று வாங்கிப் பார்த்தால் பி0135 என்று பிழைக் குறியீடு வருகிறது. அதாவது, கன்வர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரை (புகையில் உள்ள ஆக்சிஜனை அளப்பது) சூடாக்கும் ஹீட்டரின் சர்க்யூட்டில் கோளாறு. அழித்தால் இரண்டு நாளில் திரும்ப வந்துவிடுகிறது.

ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மேல் வருகிறது. சென்சாரில் ஹீட்டருக்கான இரண்டு வெள்ளை ஒயர்களுக்கு நடுவே மல்டிமீட்டர் வைத்தேன்: குளிர்ந்திருக்கும்போது 6 ஓம். அரைமணி நேரம் ஓட்டிவிட்டு, கையைச் சுட்டுக்கொண்டு மறுபடி அளந்தால் ஓப்பன், அதாவது இணைப்பே அறுந்ததுபோல் காட்டுகிறது! ஆறியதும் பழையபடி 6. தவிர, சைலன்சர் குழாய் பக்கம் ஒயரின் மேலுறை ஓரிடத்தில் உருகியிருக்கிறது. அதுவும் சென்சார் பக்கத்து ஒயர்தான்.

ஹீட்டர் உள்ளே விட்டுவிட்டுத் துண்டிக்கிறது என்று நினைக்கிறேன். சரிதானா? இல்லை, அந்த உருகிய ஒயரை மட்டும் மாற்றிப் பார்க்கலாமா? ஒயர் வெட்டி ஒட்டும் யுனிவர்சல் சென்சார் போட்டவர்கள் இருந்தால் எத்தனை நாள் உழைத்தது என்று சொல்லுங்கள். அப்புறம், துருப்பிடித்த சென்சாரை மரை போகாமல் கழற்றுவது எப்படி?