டி செல் பிரிவதை எண்ண எந்தச் சாயம்: சிஎஃப்எஸ்ஈயா, பிகேஎச்26ஆ?

புதுக்கல்ச்சர்: எலி மண்ணீரல் டி செல்லை (ஒரு வகை வெள்ளணு), அதன் மேலுள்ள சிடி3, சிடி28 புரதங்களைப் பிடிக்கும் ஆன்டிபாடியால் தூண்டிவிட்டு, 4 நாளில் எத்தனை முறை பிரிகிறது என்று ஃப்ளோ சைட்டோமீட்டரில் (ஒவ்வொரு செல்லின் ஒளியையும் லேசரால் அளக்கும் கருவி) பார்க்க வேண்டும். லேபில் இரண்டு சாயமும் இருக்கிறது. எதைப் போடலாம்?

மஞ்சள்டிப்: சிஎஃப்எஸ்ஈ, வேறு யோசனையே வேண்டாம். 1994இல் லயன்ஸும் பாரிஷும் லிம்போசைட்டுக்கு (டி செல்லும் இதில் ஒரு வகை) இதைப் போட்டுக் காட்டியதிலிருந்து இதுதான் வழக்கம். செல்லுக்குள் போனதும் எஸ்டரேஸ் என்ற நொதி சாயத்தின் அசிடேட்டை வெட்டும், ஒளிரத் தொடங்கும், அப்புறம் புரதங்களின் அமீன் தொகுதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். செல் இரண்டானால் சாயமும் பாதிப் பாதி. ஹிஸ்டோகிராமில் (எந்த அளவு ஒளியில் எத்தனை செல் என்ற வரைபடம்) தலைமுறைகள் படிக்கட்டு மாதிரி நிற்கும், 7, 8 வரை எண்ணலாம்.

ஃப்ளோபாண்டியன்: படிக்கட்டு சரி, ஏறுவதற்குச் செல் உயிரோடு இருக்க வேண்டுமே! சிஎஃப்எஸ்ஈயை 10 மைக்ரோமோலார் போட்டு ஒரு தட்டையே கொன்றவன் நான். முதல் நாளே ஒளி மளமளவென்று விழும், பிரிந்ததா கசிந்ததா என்று புதியவர் குழம்பிப்போவார், போதாததற்கு 488 லேசரில் பச்சையாக வருவதால் ஜிஎஃப்பி எலி (செல்லிலேயே பச்சையாக ஒளிரும் புரதம் உள்ள எலி) என்றால் கதை முடிந்தது. பிகேஎச்26 சவ்வின் கொழுப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், வாரக்கணக்கில் நிற்கும்.

மஞ்சள்டிப்: 10 போட்டால் சாகத்தான் செய்யும் சார். 1, 2 போதும், அதையும் 0.5இலிருந்து ஏற்றிப் பார்க்க வேண்டும். முதல் நாள் சரிவு யாருக்கும் வருவதுதான், அதற்காகத்தானே சாயம் ஏற்றிய செல்லில் கொஞ்சத்தைத் தூண்டாமல் பக்கத்துக் குழியில் வளர்க்கிறோம்? அதன் பீக்தான் பூஜ்யம், அதாவது ஒருமுறையும் பிரியாத தலைமுறை. பிகேஎச்26உம் பாதியாகும், ஆனால் பீக் அகலமாகி ஒன்றோடொன்று கலந்துவிடும், எதை எண்ணுவீர்கள்?

நுண்ணோக்கிக்காரி: பாண்டியன் அண்ணா, நிற்கும் சரி, உங்கள் செல்லில்தான் நிற்கிறதா? நான் பிகேஎச்26 ஏற்றிய செல்லை மேக்ரோபேஜோடு (மற்றதை விழுங்கும் வெள்ளணு) சேர்த்து வளர்த்தேன். மூன்றாம் நாள் மேக்ரோபேஜ் வயிறு முழுக்கச் சிவப்புப் புள்ளி.

ஃப்ளோபாண்டியன்: செத்த செல்லைத் தின்றிருக்கும். சிஎஃப்எஸ்ஈ ஏற்றியிருந்தாலும் பச்சைப் புள்ளி வந்திருக்கும், சாயத்தின் மேல் ஏன் பழி?

நுண்ணோக்கிக்காரி: அந்தப் பங்கு உண்மை. ஆனால் பிகேஎச்26 உயிருள்ள செல்லிலிருந்தே பக்கத்துச் சவ்வுக்குத் தாவுகிறது. சீரம் ஊற்றி நிறுத்தி நன்றாகக் கழுவாவிட்டால் சாயமே கட்டி கட்டியாக மிதக்கும், அதையும் செல்லென்று நினைத்து நான் ஒரு வாரம் படம் எடுத்திருக்கிறேன்.

ஃப்ளோபாண்டியன்: சரி, கட்டி விஷயத்தில் வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் ஜிஎஃப்பி எலிக்கு சிஎஃப்எஸ்ஈ போடச் சொல்லாதீர்கள். 405 லேசர் இருந்தால் செல்ட்ரேஸ் வயலெட் என்ற சாயம், அதுவும் அமீனைத்தான் பிடிக்கும், படிக்கட்டும் கிடைக்கும்.

புதுக்கல்ச்சர்: சாதாரண எலிதான் சார், ஜிஎஃப்பி இல்லை. சிஎஃப்எஸ்ஈயே போடுகிறேன். டிஎம்எஸ்ஓ கரைப்பானில் கரைத்து 8 மாதம் ஆயிற்று, போதுமா?

மஞ்சள்டிப்: எத்தனை தடவை உருக்கி உறைய வைத்தீர்கள்?

புதுக்கல்ச்சர்: கணக்கில்லை.

மஞ்சள்டிப்: ஈரம் பட்டால் அமீனைப் பிடிக்கும் பகுதியே போய்விடும். கொட்டிவிட்டுப் புதுக் குப்பி திறங்கள், இந்த முறை சின்னச் சின்னதாகப் பிரித்து வையுங்கள்.