மலையக ஆஸ்பத்திரிகள் பற்றி சுகாதார அமைச்சரிடம் கேள்வி: "அது மாகாணத்துக்குரியது" என்று தட்டிக்கழிக்க முடியாமல் எப்படி எழுதுவது?

கொழுந்துமலை எழுதியது:
வணக்கம். நுவரெலியா மாவட்ட எம்.பி. ஒருவர் எங்கள் பகுதி சுகாதார சேவை பற்றிப் பாராளுமன்றத்தில் வாய்மூல வினா கேட்கச் சம்மதித்திருக்கிறார். விபரத்தை நாங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். பிரச்சினை மூன்று. பிரதேச வைத்தியசாலையில் இரவில் டொக்டர் இல்லை. கிளினிக்கில் பிரஷருக்கும் சீனிக்கும் மருந்து இல்லையென்று துண்டு எழுதி பார்மசிக்கு அனுப்புகிறார்கள். தேயிலைத் தோட்டத்தில் குளவி கொட்டினால் கொழுந்து லொறியில்தான் ஆளை ஏற்றுகிறோம். இப்படிக் கேட்கும்போதெல்லாம் "அந்த வைத்தியசாலை மாகாண சபையின் கீழ் வருகிறது" என்று அமைச்சர் முடித்துவிடுகிறார். எப்படி எழுதினால் உருப்படியான பதில் வரும்? தமிழில் எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்களா?

ஆளணி எழுதியது:
தமிழில் தாராளமாகக் கொடுக்கலாம். ஒழுங்குப் பத்திரம் (சபையின் அன்றைய நிகழ்ச்சி நிரல்) மூன்று மொழியிலும் அச்சாகிறது.

அந்த "மாகாணத்துக்குரியது" பதில் பாதிதான் சரி. 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி பிரதேச வைத்தியசாலைகள் மாகாணத்திடம் போயின. போதனா வைத்தியசாலைகளும் தேசிய சுகாதாரக் கொள்கையும் மத்தியிடம் நின்றன. ஆனால் மாகாணத்திடம் போனது எது என்று பிரித்துப் பாருங்கள். கட்டடம், சிற்றூழியர், சாரதி, அம்புலன்ஸ் வண்டி ஆகியவை மாகாணத்தினுடையவை. டொக்டர்மாரும் தாதியரும் நாடளாவிய சேவை. அவர்களுக்கு நியமனமும் இடமாற்றப் பட்டியலும் கொழும்பில் சுகாதார அமைச்சிலிருந்து வருகின்றன. மருந்தை அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் கொள்வனவு செய்து சுகாதார அமைச்சின் மருத்துவ வழங்கல் பிரிவுக்குக் கொடுக்கிறது. அங்கிருந்து பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனையின் களஞ்சியத்துக்கும், பிறகு உங்கள் ஆஸ்பத்திரிக்கும் வருகிறது. ஆக டொக்டர் இல்லாததற்கும் மருந்து இல்லாததற்கும் மத்திய அமைச்சர் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

கூரை ஒழுகுகிறது, அம்புலன்ஸுக்கு டயர் இல்லை என்பதையெல்லாம் அதே வினாவில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் அமைச்சர் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் மாகாணத்தின் தலையில் கட்டிவிடுவார். அவற்றை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்குக் கொண்டுபோங்கள். பிராந்தியப் பணிப்பாளர் அங்கே நேரில் உட்கார்ந்திருப்பார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மத்திய மாகாண சபை 2018 ஒக்டோபரிலும் ஊவா 2019இலும் காலாவதியாகின. அதன்பின் மாகாண சுகாதார அமைச்சர் என்று ஒருவரில்லை, ஆளுநரும் அதிகாரிகளும்தான் நடத்துகிறார்கள். மாகாணத்துக்குரியது என்று அமைச்சர் சொன்னால், மக்கள் பிரதிநிதி அங்கே யாரிடம் போய்க் கேட்பது? இதை எம்.பி. மேலதிகக் கேள்வியாக, அதாவது அமைச்சர் பதில் சொன்னதும் தொடர்ந்து எழுப்பும் கேள்வியாகக் கேட்கலாம். நியாயமான கேள்வி, சபையில் பதிவாகவேண்டிய கேள்வியும்கூட.

வெள்ளைத்தாள் எழுதியது:
வினா எழுதுமுன் கையில் ஆவணம் வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பிராந்தியப் பணிப்பாளர் பணிமனையின் தகவல் அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நான்கு விஷயம் போதும்: அந்த வைத்தியசாலைக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆளணி (பதவிகளின் எண்ணிக்கை); இன்று அங்கே நேரில் கடமையாற்றுவோர் எண்ணிக்கை, பதவி வாரியாக; கடந்த ஆறு மாதத்தில் கையிருப்பு தீர்ந்துபோன மருந்துகள், தீர்ந்த திகதியும் மீண்டும் வந்த திகதியும்; அம்புலன்ஸின் ஓட்டப் பதிவேட்டுப் பிரதி.

"நேரில்" என்ற வார்த்தையை விட்டுவிடாதீர்கள். இரண்டு டொக்டர் பதவியும் நிரம்பியிருக்கிறது என்று தாளில் இருக்கும். அவர்களில் ஒருவர் தற்காலிக இணைப்பில் டவுன் ஆஸ்பத்திரியில் வேலை செய்வார், சம்பளம் மட்டும் உங்கள் ஆஸ்பத்திரிக் கணக்கில் போகும். ஆளணியை மட்டும் கேட்டால் "வெற்றிடம் இல்லை" என்று பதில் வரும், சட்டப்படி அது பொய்யுமில்லை.

தகவல் அதிகாரி 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு மேன்முறையீடு, அவருக்கு மூன்று வாரம். அதற்கும் பதிலில்லை என்றால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. நேரில் கொடுத்தால் திகதி முத்திரை போட்ட பற்றுச்சீட்டு இல்லாமல் திரும்பாதீர்கள், தபாலென்றால் பதிவுத்தபால். நோயாளிகளின் பெயர் வரும் எதையும் கேட்கவேண்டாம். அதைக் காட்டியே முழு விண்ணப்பத்தையும் நிராகரிக்கப் பார்ப்பார்கள்.

ஒழுங்குப்பத்திரம் எழுதியது:
வினாவின் நடைக்கு ஒரு மாதிரி தருகிறேன். பெயர்களை நிரப்பிக்கொள்ளுங்கள்.

"சுகாதார மற்றும் வெகுசன ஊடக அமைச்சரைக் கேட்பதற்கு,—
(அ) (i) ……… பிரதேச வைத்தியசாலைக்கு அங்கீகரிக்கப்பட்டுள்ள மருத்துவ உத்தியோகத்தர் பதவிகளின் எண்ணிக்கை யாதென்பதையும்;
(ii) இன்றைய திகதியில் அவ்வைத்தியசாலையில் நேரில் கடமையாற்றும் மருத்துவ உத்தியோகத்தர்களின் எண்ணிக்கை யாதென்பதையும்;
(iii) அங்கு நியமனம் பெற்று வேறு நிறுவனங்களில் தற்காலிகமாக இணைக்கப்பட்டுள்ளோரின் எண்ணிக்கையும், ஒவ்வோர் இணைப்பும் முடிவடையும் திகதியும் யாவையென்பதையும்
அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா?
(ஆ) (i) கடந்த ஆறு மாதங்களில் மெற்போர்மின் 500 மி.கி., லொசார்டன் 50 மி.கி. ஆகியன அவ்வைத்தியசாலையில் கையிருப்பில் இல்லாதிருந்த நாட்கள் எத்தனையென்பதையும்;
(ii) அதற்கான காரணம் யாதென்பதையும்
அவர் குறிப்பிடுவாரா?
(இ) இன்றேல், ஏன்?"

மெற்போர்மின் சீனிக்கு, லொசார்டன் பிரஷருக்கு. மருந்துப் பகுதியில் "அவ்வைத்தியசாலையில்" என்ற சொல்லைக் கவனியுங்கள். அது இல்லாவிட்டால் கொழும்புக் களஞ்சியத்தில் மூன்று மாதக் கையிருப்பு உண்டு என்ற பதில் வரும். மருந்து கொழும்பில் இருப்பதால் டயகமவில் கிளினிக்குக்கு வந்த வயதான அம்மாவுக்கு என்ன பயன்? "மருந்துத் தட்டுப்பாடு" என்று பொதுவாகவும் எழுதாதீர்கள். பெயர், வலு, திகதி மூன்றும் இருந்தால்தான் அமைச்சின் அதிகாரி ஏட்டைத் திறந்து பார்ப்பார்.

குற்றச்சாட்டு, ஊகம், "அமைச்சரின் அபிப்பிராயம் என்ன" போன்றவை வேண்டாம். நிலையியற் கட்டளைகளின்படி (சபை நடைமுறை விதிகள்) அப்படியான வினா திருத்தப்படும் அல்லது திரும்பி வரும். நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கைத் தொட்டாலும் அதே கதி.

வினா எடுக்கப்படும் நாளில் அமைச்சர் தரப்பு இரண்டு வாரம் அவகாசம் கேட்கலாம். அப்படியானால் "மற்றொரு தினத்தில் சமர்ப்பிக்கக் கட்டளையிடப்பட்டது" என்று ஹன்சாட்டில் (சபைப் பேச்சுகளின் பதிவேடு) வரும். அதனால் சோர்ந்துவிடாதீர்கள், வினா உயிரோடுதான் இருக்கிறது. எம்.பி. அந்த மற்றைய தினத்தில் சபையில் இருப்பதை நீங்கள்தான் உறுதிப்படுத்தவேண்டும். அவர் ஆசனத்தில் இல்லாமல் வினா கைநழுவுவது அடிக்கடி நடக்கிறது.

கொழுந்துமலை எழுதியது:
மிக்க நன்றி. தோட்ட டிஸ்பென்சரி, லொறி விஷயத்தையும் இதே அமைச்சரிடம் கேட்கலாமா?

பிள்ளைக்காம்பரா எழுதியது:
அதைத் தனியாகப் பிரியுங்கள். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டபின் டிஸ்பென்சரியும் தோட்ட வைத்திய உதவியாளரும் கம்பனி நிர்வாகத்தின் கீழும், பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் மேற்பார்வையிலும் இருக்கிறார்கள். சில தோட்ட ஆஸ்பத்திரிகளை மாத்திரம் அரசு பொறுப்பேற்றது. சுகாதார அமைச்சரிடம் போனால் பெருந்தோட்ட அமைச்சைக் காட்டுவார், அங்கே போனால் கம்பனியைக் காட்டுவார்கள். அதனால் ஒரே விபரத்தை வைத்து இரண்டு அமைச்சர்களுக்கும் இரண்டு வினா கொடுங்கள்.

பெருந்தோட்ட மற்றும் சமூக உட்கட்டமைப்பு அமைச்சரிடம் கேட்கவேண்டியவை: அந்தத் தோட்டத்தில் வைத்திய உதவியாளர் பதவி நிரம்பியிருக்கிறதா, அவருடைய தகுதி என்ன, ஒருவர் எத்தனை டிவிஷன் பார்க்கிறார், நோயாளியை ஏற்ற எந்த வாகனம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. சுகாதார அமைச்சரிடம்: அரசு இதுவரை பொறுப்பேற்ற தோட்ட ஆஸ்பத்திரிகளின் பெயர்ப் பட்டியல், மீதியைப் பொறுப்பேற்க எடுத்த தீர்மானத்தின் திகதி.

குளவிக் கொட்டுக்கு நேரம்தான் எல்லாம். கடும் ஒவ்வாமை வந்த ஆளுக்கு முதல் மருந்து அட்ரினலின். வளர்ந்தவருக்கு 1:1000 கரைசலில் அரை மில்லிலீற்றர், தொடையின் வெளிப்புறத் தசையில். பிரிட்டோன் (ஒவ்வாமைக்குக் கொடுக்கும் குளோர்பெனிரமின்) மருந்தும் ஹைட்ரோகோர்ட்டிசோனும் அதற்குப் பதிலாகாது. எனவே வினாவில் "முதலுதவி வசதி உண்டா" என்று கேட்காமல், ஒவ்வொரு டிஸ்பென்சரியிலும் அட்ரினலின் எத்தனை அம்பியூல் இருக்கிறது, காலாவதித் திகதி என்ன, அதை ஏற்றப் பயிற்சியும் அதிகாரமும் பெற்றவர் யார் என்று கேளுங்கள். முதலுதவிப் பெட்டி இருக்கிறது என்ற பதிலில் ஓர் உயிர்கூடத் தப்பாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் இலவச அம்புலன்ஸான சுவசெரிய வண்டி உங்கள் மலைக்கு எந்த இடத்திலிருந்து புறப்படுகிறது, அழைப்புக்கும் வருகைக்கும் சராசரி இடைவெளி என்ன என்பதையும் சுகாதார அமைச்சரிடம் கேட்கலாம். அது மாகாணத்தினுடையது அல்ல, 2018ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மன்றத்தினுடையது.

இடமிருந்தால் திரிபோஷவையும், அதாவது கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் மத்திய சுகாதார அமைச்சு கொடுக்கும் சத்துமாவையும் சேருங்கள். 2016 குடிசன, சுகாதார அளவீட்டில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடளாவிய ரீதியில் 17.3 வீதம், தோட்டப்புறத்தில் 31.7 வீதம். ஒரு கர்ப்பிணிக்கு மாதம் 750 கிராம் பொதி இரண்டு கிடைக்கவேண்டும். உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுக்கு எந்தெந்த மாதம் வரவில்லை என்று கேளுங்கள். இதிலும் மாகாணத்தைக் காட்ட முடியாது.

ஆளணி எழுதியது:
மேலதிகக் கேள்விகளை முன்கூட்டியே இரண்டு தாளில் எழுதி எம்.பி.யிடம் கொடுங்கள். "வெற்றிடம் உண்டு" என்று பதில் வந்தால் முதல் தாள்: அடுத்த நியமனப் பட்டியலில் இந்த ஆஸ்பத்திரி இருக்கிறதா, எத்தனையாம் திகதி? "வெற்றிடம் இல்லை" என்று வந்தால் இரண்டாவது தாள்: தகவல் சட்டத்தில் பெற்ற கடிதத்தின் இலக்கத்தையும் திகதியையும் வாசித்து, எது சரி என்று கேட்பது. கடிதத்தின் பிரதியையும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

நீண்ட அட்டவணையை அமைச்சர் வாசிக்கமாட்டார், சபாபீடத்தில் (சபையின் மேசையில்) ஆவணமாக வைத்துவிடுவார். உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் அந்த அட்டவணையில்தான் இருக்கும். எம்.பி.யின் அலுவலகத்திடம் அன்றே பிரதி கேளுங்கள். அதைப் பிராந்தியப் பணிப்பாளரின் கடிதத்தோடு வரிவரியாக ஒப்பிட்டு, முரண்படும் வரிகளை மட்டும் அமைச்சுசார் ஆலோசனைக் குழுவுக்கு எம்.பி. மூலம் அனுப்புங்கள். அங்கே அமைச்சின் செயலாளரும் பணிப்பாளர்களும் ஏட்டோடு வருகிறார்கள், இடமாற்ற உத்தரவை அவர்களிடம் நேரிலேயே கேட்கலாம்.