காய்ச்சல் யாருக்கு முற்றும்? நீங்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள்

2021-ல் கோவிட் வார்டில் நர்ஸாக இரவுப் பணி பார்த்தேன். ரொம்ப இருமுகிறவர்களையும் முனகுகிறவர்களையும் பார்த்துத்தான் முதலில் பயப்படுவேன். ஆனால் என்னைப் பதற வைத்தவர் சத்தமே போடாதவர். ஐம்பதைத் தாண்டியவர், சர்க்கரை உண்டு, காய்ச்சல் தொடங்கி எட்டாம் நாள். கட்டிலில் சாய்ந்து போன் பேசிக்கொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, நாளைக்கு வீட்டுக்கு விட்டுருவாங்களா?" என்று கேட்டார். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில் ரத்த ஆக்சிஜன் அளவு 84 சதவீதம்தான். கருவிதான் சரியில்லை என்று வேறு விரலில் மாட்டினேன், வேறு கருவியும் எடுத்து வந்தேன். அதேதான்.

மூச்சு முட்டுவதுபோல் நமக்குத் தோன்றுவது பெரும்பாலும் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு சேரும்போதுதான். அவர் வேகவேகமாக மூச்சு விட்டதில் அது வெளியே போய்க்கொண்டே இருந்தது. அதனால் திணறல் தெரியவில்லை, வேகம் மட்டும்தான் காட்டிக்கொடுத்தது. போர்வை ஏறி இறங்குவதைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் எண்ணினேன்: 32. சார்ட்டில் முந்தைய ஷிப்டில் 18 என்று இருந்தது. அதற்கு முந்தைய ஷிப்டிலும் 18. பக்கத்துக் கட்டில்காரருக்கும் 18. யாரும் எண்ணவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கோவிட் நோயாளிகளுக்காக 4சி ஸ்கோர் என்று 2020-ல் ஒன்று வந்தது. வயது, பாலினம், வேறு நோய்கள், மூச்சு வேகம், ஆக்சிஜன், நினைவுநிலை, ரத்தத்தில் யூரியா, சிஆர்பி (உடலில் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) என எட்டு விவரம் போட்டால் உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்று கணிக்கும். நல்ல கருவிதான். ஆனால் அதில் 18-க்கு பூஜ்யம், 32-க்கு 2 மதிப்பெண். எண்ணாமல் எழுதிய 18 உள்ளே போனால் கணக்கே தப்பு. இப்போதெல்லாம் நாடி பிடிப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டுதான் மூச்சை எண்ணுகிறேன். எண்ணுவது தெரிந்தால் அவர்களை அறியாமலே மாற்றிவிடுவார்கள்.

•

அக்கா, அந்த 18-ஐப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. என் மகளுக்கு நான்கு மாதத்தில் ஆர்எஸ்வி என்ற, மூச்சுப்பாதையைத் தாக்கும் வைரஸ் வந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல்கூட அதிகமில்லை. ஆனால் இரண்டு வாய் உறிஞ்சுவாள், விட்டுவிட்டு மூச்சு வாங்குவாள், மறுபடி உறிஞ்சுவாள். வழக்கத்தில் பாதிகூடக் குடிக்கவில்லை. சட்டையைத் தூக்கிப் பார்த்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுகிறது. எண்ணினேன், 64. அந்த வயதில் 50-ஐத் தொட்டாலே வேகமான மூச்சு என்று கணக்கு. உடனே தூக்கிக்கொண்டு ஓடினோம், அன்றிரவே ஆக்சிஜன் வைத்தார்கள். மூன்றிலிருந்து ஐந்தாம் நாள் வரைதான் இது பெரும்பாலும் உச்சத்துக்குப் போகுமாம். முதல் நாள் பார்த்த டாக்டர் அதை மட்டும் சொல்லியிருந்தால் இரவு முழுக்க விழித்திருந்திருப்பேன்.

•

என் அப்பாவுக்கு வந்தது இன்ஃப்ளூயன்சா. ஐந்தாம் நாள் தேறி, எழுந்து நடமாடினார். சரி, முடிந்தது என்று நினைத்தோம். ஏழாம் நாள் சாயங்காலம் மறுபடியும் நடுக்கத்தோடு காய்ச்சல், மஞ்சளாகச் சளி. வைரஸ் ஓய்கிற நேரத்தில் பாக்டீரியா நிமோனியா பிடித்திருக்கிறது. டாக்டர் முதலில் கேட்டதே, "நடுவில் எத்தனை நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தார்?" என்பதுதான். எனக்கு நினைவில்லை. அம்மா தினமும் இரண்டு வேளையும் காலண்டரில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். போனில் கேட்டுச் சொன்னேன், இரண்டு நாள்.